படிக்கவா, வேலைக்கா?

வெளிநாட்டுக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தபோது நான் பட்டைத்தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் குந்தியிருந்தேன். ஆம்பூரில் தோல் பதனிடும் எங்கள் டேனரியில், ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரின் திடம் பார்ப்பது என் பொறுப்பு. ஒரு கண்ணாடிக் குழலை அதில் மிதக்கவிட்டு, எந்தக் கோடு வரை அமிழ்கிறது என்று பார்த்து எழுதிவைக்க வேண்டும். முதலாளி சாயபு கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்பு நனைவதையும் பார்க்காமல் தொட்டி வரைக்கும் வந்துவிட்டார்.

"எழுந்திரு தம்பி. உனக்கு ஸீட்டு குடுத்துட்டானுங்க."

நம் பக்கத்துத் தோலெல்லாம் அப்போது பட்டையில் பதனிட்டு, பாதி வேலையோடு கப்பலேறிப் போகும். மீதி வேலையை வெளிநாட்டில் முடிப்பார்கள். லாபம் எல்லாம் அந்த மீதியில்தான் இருந்தது. குரோம் என்ற மருந்தில் ஒரே நாளில் தோலைப் பதனிடும் வித்தை எங்கள் ஊரில் யாருக்கும் சரியாகக் கைவரவில்லை. அதைக் கற்றுவர ஓர் ஆளை அனுப்ப சாயபு நினைத்தார். ரசாயனமும் தெரிய வேண்டும், டேனரி நாற்றமும் தாங்க வேண்டும். அந்த இரண்டும் சேர்ந்த ஆள் நான். வேலூரில் இண்டர்மீடியட்டும் சென்னையில் தோல் படிப்பும் முடித்திருந்தேன். என் அப்பா அதே டேனரியில் சுண்ணாம்பில் ஊறிய தோலை மரத்தின் மேல் போட்டுச் சதை சுரண்டுகிறவர்.

கல்லூரி இருந்த நாட்டின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பழைய கோபமெல்லாம் கிளம்பும். கப்பலில் ஒரு மாதத்துக்கு மேல் போக வேண்டிய நாடு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாஸ்போர்ட். விண்ணப்பம் போட்டு ஒரு மாதம் கழித்து எங்கள் தெருவுக்கு விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். தெருவுக்கு என்று சொல்வதும் தப்பு. தெருமுனைப் புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, உள்ளே வராமல், என்னையும் அப்பாவையும் அங்கே வரச் சொன்னார். அப்பாவின் பெயரைக் கேட்டார். அங்கேதான் முதல் சிக்கல். பள்ளிக்கூடத்தில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி எழுதியிருந்தது. கோயிலில் ஞானஸ்நானப் புத்தகத்தில் வேறு மாதிரி. டேனரி ஆஜர் பட்டியலில் அவர் பெயரே இல்லை, ஊரார் கூப்பிடும் பட்டப்பெயர்தான் இருந்தது.

"மூணு பேர்ல எவன்டா உங்கப்பன்?" என்றார் போலீஸ்காரர்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வேலூரில் பாஸ்போர்ட் காகிதம் பார்க்கும் ஆபீஸுக்கு எத்தனை முறை ரயிலேறினேன் என்று நினைவில்லை. மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று பாதிரியார் ஒரு கடிதம் கொடுத்தார். அது போதாது, சொத்துள்ளவர் ஒருவர் சொல்ல வேண்டும் என்றார்கள். சாயபு எழுதிக் கொடுத்தார். அவர் உன் முதலாளி, அவர் சொல்வது செல்லாது என்றார்கள். ஒவ்வொரு முறையும் அந்த ஆபீஸின் குமாஸ்தா என் காகிதங்களைப் புரட்டிவிட்டு ஏதாவது சொல்வார். ஒரு நாள் கேட்டார்:

"உங்கப்பன் தோல் சுரண்டுறான். நீ அங்க போய் இன்னா பண்ணப் போற? அதையேதானே?"

நான் வாயை மூடிக்கொண்டேன். திறந்தால் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போகும் என்று தெரியும். கடைசியில், யார் கடிதத்தை ஏற்றார்களோ, பாஸ்போர்ட் வந்தது. அதற்குள் கல்லூரி திறக்க மூன்றே மாதம் இருந்தது.

அடுத்தது விசா. சென்னையில் அந்த நாட்டுக் கான்சலின் ஆபீஸ். சாயபு தம் கோட்டு ஒன்றை எனக்குக் கொடுத்தார், கை கொஞ்சம் நீளம். கல்லூரிக் கடிதம், செலவுக்குப் பொறுப்பேற்கும் சாயபுவின் கடிதம், டாக்டர் சீட்டு எல்லாம் அடுக்கி வைத்தேன். கான்சல் இளைஞர்தான். மரியாதையாகவே பேசினார்.

"அங்கே போய் என்ன செய்வீர்கள்?"

வழியெல்லாம் மனப்பாடம் செய்த இங்கிலீஷில் பெருமையோடு சொன்னேன்: ஒரு வருஷம் கல்லூரியில் படிப்பேன், பிறகு ஆறு மாதம் டேனரியில் வேலை செய்வேன், பிறகு மறுபடி படிப்பேன்.

எழுதிக்கொண்டிருந்த அவர் பேனா நின்றது.

"வேலை செய்வீர்களா?"

"ஆமாம் சார். கடிதத்திலேயே இருக்கிறது."

அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மேஜையிலிருந்த ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து எனக்கே படித்துக் காட்டினார். மாணவன் படிக்க மட்டும் வரலாம். வேலை செய்தால் திருப்பி அனுப்பப்படுவான். வேலைக்கு வருகிற ஆள் என்றால், உங்கள் தேசத்தாருக்கு அனுமதியே இல்லை.

"கூலி வேண்டாம் சார். சும்மாவே செய்கிறேன்."

"வேலை வேலைதான்" என்று புத்தகத்தை மூடினார். "நீங்கள் படிக்கப் போகிறீர்களா, வேலைக்குப் போகிறீர்களா? முதலில் அதை முடிவு செய்துகொண்டு வாருங்கள்."

வாசலில் உட்கார்ந்திருந்த சென்னைக்கார டைப்பிஸ்ட் எனக்குப் பின்னாலேயே வெளியே வந்தார். "இன்னாய்யா நீ? ஒர்க்னு எதுக்குச் சொன்னே? டிரெய்னிங்னு சொல்லிருந்தா முடிஞ்சு போயிருக்கும்."

இதை உள்ளே போகும்போது சொல்லியிருக்கக் கூடாதா என்று அவரை அறையலாம் போலிருந்தது. அவர்மேல் என்ன தப்பு? டேனரியில் பிறந்து வளர்ந்தவன் வாயில் வேலை என்ற சொல்தான் முதலில் வரும்.

ஆம்பூர் திரும்பியதும் சாயபுவிடம் நடந்ததைச் சொன்னேன். "இதென்னாப்பா பெரிய பேஜாரா கீது" என்று தலைப்பாகையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இரண்டு பேருமாக உட்கார்ந்து கல்லூரிக்கு எழுதினோம். டேனரி வேலை இல்லாமல் படிப்பை முடிக்க முடியுமா, அல்லது கூலியில்லாமல் செய்ய முடியுமா என்று கேட்டோம். கப்பல் போய்க் கப்பல் வர மூன்று மாதம் ஆயிற்று. அந்த வருஷம் அங்கே வகுப்பு தொடங்கிவிட்டது.

பதில் இரண்டு பத்திதான். டேனரியில் ஆறு மாதம் இருந்தால்தான் பட்டம். டேனரிக்காரர்களோ சம்பளப் பட்டியலில் இல்லாத ஆளை யந்திரத்தின் பக்கத்தில் விடமாட்டார்கள். கை போனால் யார் பொறுப்பு என்பது அவர்கள் கேள்வி. அடுத்த வருஷத்துக்கு என் இடத்தை வைத்திருப்பதாகவும் அன்போடு எழுதியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். கை காலெல்லாம் சுண்ணாம்பு போகத் தேய்த்துக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"வேலை செஞ்சா தொரத்திடுவான். செய்யலேன்னா படிச்சதா ஆவாது. அப்டித்தானே?"

"ஆமா நைனா."

"அப்போ எவன்டா அங்க படிக்கிறான்?"

"அந்த ஊர்க்காரன்."

அப்பா தண்ணீரை முகத்தில் அள்ளி அடித்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் மறுபடி போனேன். கோட்டு கையை மடித்துத் தைத்திருந்தேன். நாக்கையும் பழக்கியிருந்தேன். பயிற்சி, பார்வையிடல், செயல்முறைக் கல்வி என்று இங்கிலீஷில் எல்லாச் சொல்லும் தயார். அதே கான்சல். என்னைப் பார்த்ததும் ஒரு பைலை வரவழைத்தார். போன வருஷம் நான் சொன்னது அதில் அப்படியே டைப் அடித்திருந்தது.

"அப்போது வேலை என்றீர்கள். இப்போது பயிற்சி என்கிறீர்கள். எது உண்மை?"

இரண்டும் ஒன்றுதான் என்றேன். அதுதான் உண்மை. ஆனால் ஒரே பொருளுக்கு இரண்டு சொல் சொன்னவனை எந்த ஆபீஸும் நம்பாது. விசா கிடையாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். என் பெயரை மட்டும் தப்பில்லாமல் எழுதியிருந்தார்.

இதோடு நின்றிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். ஏழெட்டு மாதம் கழித்து, தோலை இரண்டாகப் பிளக்கும் யந்திரம் ஒன்றை சாயபு வரவழைத்தார். அது வந்தது அந்த நாட்டிலிருந்துதான். அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட அங்கிருந்தே ஒரு பிட்டரும் வந்தார். நாற்பது வயதிருக்கும், சிவந்த முகம், சட்டையைக் கழற்றிப்போட்டு எண்ணெயில் புரண்டு வேலை செய்வார். நான்கு மாதம் எங்களோடு இருந்தார். அவர் சொல்வதை ஆட்களுக்குத் தமிழில் சொல்ல என்னைப் போட்டார்கள்.

ஒரு மத்தியானம் இருவரும் யந்திரத்தின் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"இங்கே வேலை செய்ய உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்?" என்று கேட்டேன்.

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. திரும்பக் கேட்டேன். "அனுமதியா? உன் முதலாளிதான் வரச் சொன்னாரே!" என்று சிரித்தார்.

நான் என் கதையைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. மறுநாள் இரண்டு தாளையும் கொண்டுவந்து காட்டினேன், கல்லூரிக் கடிதமும் விசா மறுத்த தாளும். படித்துவிட்டு வெகுநேரம் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். தாமே கான்சலுக்கு ஒரு கடிதம் எழுதினார். இவன் கையில் வேலை இருக்கிறது, மூளையும் இருக்கிறது என்று எழுதியதை எனக்குப் படித்துக்காட்டினார். பதில் அவருக்கு வந்தது. அக்கறைக்கு நன்றி, விதி விதிதான் என்று ஒரு வரி. எனக்கு யாரும் எதுவும் எழுதவில்லை.

யந்திரம் ஓடியது. அவர் அடுத்த வேலைக்குப் பெங்களூர் போனார். ஜோலார்பேட்டை வரைக்கும் கூடப் போய் வண்டி மாற்றி ஏற்றிவிட்டேன். "எங்கள் ஊருக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போகக் கூடாது" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். சரி என்றேன்.

அதற்குப் பிறகு நான் விண்ணப்பம் போடவில்லை. சாயபு புத்தகங்களை வரவழைத்தார். மூலையில் இருந்த ஒரு பழைய கொட்டகையை எனக்கென்று ஒதுக்கினார். அங்கே ஆட்டுத்தோலை வைத்து நானே குரோம் வேலையைத் தடவித் தடவிக் கற்றேன். முதலில் தோல் அட்டையாக விறைத்தது. பிறகு குரோமின் பச்சை நிறம் திட்டுத்திட்டாகப் பிடித்தது. எங்கே தப்பு என்று புத்தகம் சொல்லாது. தெரிந்தவன் பக்கத்தில் நின்றால் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவான். அப்பா வந்து எட்டிப் பார்த்து, கெட்டுப்போன தோலைக் கையால் தடவிவிட்டுப் போவார்.

மூன்று வருஷம் கழித்து மெத்தென்று ஒரு தோல் வந்தது. சாயபு அதை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். அந்தப் பிரிவையே என் பொறுப்பில் விட்டார். நான் போகாததே நல்லதாயிற்று என்று ஊரில் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. அங்கே டேனரியில் நின்று ஆறு மாதத்தில் கற்றிருக்க வேண்டியதற்கு மூன்று வருஷம் கொடுத்தேன். எத்தனையோ தோலைக் குப்பையில் கொட்டினேன். எதற்கு என்று கேட்டால், ஒரு சொல் என்றுதான் பதில் சொல்ல முடியும். அதை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.