நானூற்றுப் பன்னிரண்டு ‘இல்லை’

கீழக்கரையில் ஆறு வருஷம் கணக்கு டீச்சராக இருந்த முனவ்வராவுக்கு சான் ரமோனில் கிடைத்த முதல் வேலை, ஊர் ஊராக டீச்சர்களின் வேலை ஒப்பந்தங்களைப் படிப்பது. 2008-ல் ஒரு கல்வி ஆராய்ச்சி அமைப்பு கொடுத்த பார்ட் டைம் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். ஒவ்வொரு பள்ளி மாவட்டத்தின் விதிகளையும் இணையத்தில் தேடி எடுத்து, நூற்றிருபது கேள்விகளுக்கு விடை நிரப்ப வேண்டும். எந்தப் பக்கத்தில் பார்த்தோம் என்பதையும் போட வேண்டும்.

மற்றவர்களுக்குக் கொட்டாவி வரவழைக்கும் அந்தக் காகிதங்கள் முனவ்வராவுக்கு நல்ல ஊர்வம்பாக இருந்தன. டெக்சாஸில் ஓர் ஊரில், மாணவன் கடித்துவிட்டால் டீச்சருக்கு எத்தனை நாள் லீவு என்று தனிப் பிரிவே உண்டு. நியூ ஜெர்சியில் இன்னோர் ஊரில் ஓய்வறை சோஃபாவைப் பற்றி அரைப் பக்கம். ஒரு பிரிவு இருக்கிறதென்றால் அதற்கு முன்னால் ஒரு சண்டை நடந்திருக்க வேண்டும், இது அவளுடைய கண்டுபிடிப்பு. நோன்பு திறந்த கையோடு அன்றைய சண்டைகளைக் கணவன் ஜைனுதீனிடம் ஒப்பிப்பாள். அவன் கஞ்சிக் கிண்ணத்திலிருந்து தலை நிமிராமல் ‘ம்’ கொட்டுவான்.

உம்மா இத்தனை விதி படிக்கிறாளே என்று, மூன்றாம் வகுப்பு மகள் ஆஃபீஃபா ஒருநாள் தன் பள்ளிக் கையேட்டையே கொண்டுவந்து நீட்டினாள். பெருநாளன்று லீவு எடுக்கலாமா என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். கிண்டர்கார்டனிலிருந்தே அவளுக்குப் பெருநாள் என்பது பள்ளி விட்டு வந்து, அவசரமாக ஒரு கையில் மட்டும் மருதாணி இட்டு, சாயங்காலம் புது உடுப்புப் போடுவதுதான்.

முனவ்வரா நாற்பத்தாறு பக்கத்தையும் படித்தாள். காய்ச்சல் இருந்தது, பல் டாக்டர் இருந்தார், இழவு வீடுகூட இருந்தது. பெருநாள் இல்லை.

“ரூல்ல இல்லம்மா. ஸ்கூல் போயிட்டு வந்து செலிப்ரேட் பண்ணலாம்.”

ஆஃபீஃபா அழவில்லை. கையில் வைத்திருந்த மருதாணிக் கோனைத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போனாள். அழுதிருந்தால்கூடத் தேவலை என்று முனவ்வராவுக்கு இருந்தது.

மறுநாள் சூப்பர்வைசர் ஃபோன் செய்தார். முனவ்வரா நானூற்றுப் பன்னிரண்டு இடத்தில் ‘இல்லை’ போட்டிருக்கிறாள், ஒன்றுக்குக்கூடப் பக்க எண் கிடையாது, இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். எங்கேயும் எழுதவில்லை, அதனால்தான் இல்லை என்றாள் இவள். கீழக்கரையில் தலைமையாசிரியை வசந்தாமணியிடம் அரை நாள் லீவு கேட்டால்கூட “ஜி.ஓ. இருக்கா?” என்பதுதான் பதில். எழுதாத ஒன்றுக்கு அனுமதி உண்டு என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

சூப்பர்வைசர் கோபப்படவில்லை. விதி தடுத்தால்தான் ‘இல்லை’. விதி வாய் திறக்காவிட்டால் மாவட்ட அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்றார்.

முதல் ஐந்தாறு ஃபோனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நோன்பு வேறு. எண்பத்து மூன்றாம் கேள்வி, காலண்டரில் இல்லாத மதப் பண்டிகைக்கு லீவு உண்டா என்பது. டெக்சாஸ் அலுவலகத்துப் பெண்மணி, விதியில் ஒன்றும் கிடையாது, கேட்டால் கொடுப்போம் என்றார். போன வருஷம் ஒருத்தர் கேட்டாராம், கொடுத்தார்களாம். மற்றவர்கள்? அவர்கள் கேட்கவில்லையே என்றார்.

முனவ்வரா அந்த ‘இல்லை’யை அழித்தாள். அடுத்த மாவட்டத்துக்குப் போகாமல், மனசு மாறுவதற்குள் மகளின் பள்ளி எண்ணை அழுத்தினாள்.

பெற்றோர் கைப்பட ஒரு சீட்டு எழுதினால் போதும் என்றார்கள். எந்தத் தேதி? இங்கே முனவ்வராவுக்கு வியர்த்தது. செவ்வாயா புதனா தெரியாது, முதல் நாள் சாயங்காலம் பிறை தெரிந்தால்தான் உண்டு என்றாள். இதோடு காரியம் கெட்டது என்று நினைத்தாள். அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் கேட்டது. அப்படியானால் அன்று காலை எட்டரைக்குள் ஒரு ஃபோன் செய்துவிடுங்கள் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் ஆஃபீஃபா ஃப்ரிட்ஜுக்கு ஓடினாள். கோனை எடுத்தவள் கதவைச் சாத்தாமல் நின்றாள்.

“ஸோ லாஸ்ட் இயரும் ஐ குட் ஹேவ் ஸ்டேட் ஹோம்?”

எந்தக் கேள்விக்கும் பக்க எண்ணோடு பதில் சொல்கிறவள் முனவ்வரா. இதற்கு எந்தப் பக்கமும் இல்லை.

“ஆமாம்மா. உம்மாதான் கேக்கல.”

ஆஃபீஃபா கதவைச் சாத்திவிட்டு வந்து, கோனை உம்மாவிடம் கொடுத்து இரண்டு உள்ளங்கையையும் நீட்டினாள்.

“தென் போத் ஹேண்ட்ஸ்.”