குழம்புச் சட்டியில் இருந்த முரல் தலை

உப்புவெளிக் கடலில் முரல் பிடிப்பது சத்தமான வேலை. வலையை வளைத்துவிட்டுத் துடுப்பால் தண்ணீரில் அடித்து மீனைக் கலைப்பார்கள். கலைந்த முரல், ஊசிபோல் நீண்ட அலகை நீட்டியபடி நீருக்கு மேலே பாயும். அறுபதுகளின் கடைசியில் ஒரு காலை, அப்படிப் பாய்ந்த பெரிய முரல் ஒன்று என் தங்கையின் கணவரின் வலக்கையில், முழங்கைக்குச் சற்று மேலே உட்புறமாகக் குத்தியது.

பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த நான் கேள்விப்பட்டுக் கரைக்குப் போனேன். மச்சான் தோணியில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். காயம் ஒரு பயறளவுதான். இரத்தம் நின்றிருந்தது. கூட்டாளிகளுக்கு அது பகிடியாகிவிட்டது.

“நீ மீனைப் பிடிச்சியோ, மீன் உன்னைப் பிடிச்சுதோ?”

“பாவம் மீன். குத்தியும் ஒரு சொட்டு ரத்தம் கிடைக்கேல்லை அதுக்கு!”

மச்சானும் சிரித்தார். ஆனால் பீடி இடக்கையில் இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

“வலக்கை விறைச்சுப்போச்சு மச்சான். விரலை மடிக்க ஏலாமல் கிடக்கு.”

தொட்டுப் பார்த்தேன். இடக்கை வெயிலில் சுட்டது, வலக்கை குளிர்ந்திருந்தது. வந்த லொறியை மறித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

சத்திரசிகிச்சை டொக்டர் காயத்தைக் கடைசியாகத்தான் பார்த்தார். முதலில் இரண்டு மணிக்கட்டுகளையும் ஒரே நேரத்தில் பிடித்தார். இடப்பக்கம் நாடி அடித்தது, வலப்பக்கம் இல்லை. பிறகு வலக்கை நகமொன்றை அழுத்திவிட்டார். வெளுத்த நகம் சிவக்கவில்லை.

“ரத்தம் வெளியால வரேல்லை எண்டு சிரிச்சிருப்பியள். கைக்குள்ளயும் அது போகேல்லை. குழாய் அடைச்சுப்போச்சு. இண்டைக்கே திறக்காட்டி இந்தக் கை மிஞ்சாது.”

மச்சானின் சிரிப்பு நின்றது.

“மீன்ர அலகு முழுசா வெளியால வந்ததோ?”

“இழுத்தனான், வந்தது.”

“நுனியும் வந்ததோ?”

அதை யாரும் பார்க்கவில்லை. எக்ஸ்ரே படத்தை வைத்தும் நிச்சயமாக எதுவும் சொல்ல முடியவில்லை.

“அந்த மீன் இப்ப எங்க?”

எனக்குத் தெரியும். அந்தக் கரையில் ஆளைக் குத்திய மீனை விற்கமாட்டார்கள். அது குத்துப்பட்டவர் வீட்டு அடுப்புக்குப் போகும். தலை அவருக்கே உரியது.

“அப்ப அந்தத் தலையைக் கொண்டுவாங்கோ. நான் ஒப்பரேஷன் தியேட்டரை ஆயத்தப்படுத்திறன்.”

ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவரின் சைக்கிளை இரவல் வாங்கி ஓடினேன். தங்கையின் குசினியில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“சின்னக் காயம் எண்டுதானே அண்ணை சொன்னவை?”

“ஒரு ஒப்பரேஷன் செய்யவேணுமாம். டொக்டர் மீன் தலையைக் கேக்கிறார்.”

“டொக்டருக்கோ? அப்ப நல்ல நடுத்துண்டு தாறன்.”

“தலைதான் வேணும். நீ அலகை வெட்டினனியோ?”

“வெட்டினால் உங்கட மச்சான் விடுவாரோ? முறிஞ்சபடிதான் வந்தது.”

டொக்டர் தியேட்டர் வாசலில் நின்று, சாப்பாட்டுக் கரியரிலிருந்து தலையை இடுக்கியால் தூக்கினார். கீழலகு கூராக நீண்டிருந்தது. மேலலகு அதற்கு வெகு முன்னரே முடிந்துவிட்டது.

“மிச்சம் உள்ளுக்குள்ளதான் நிக்குது. எவ்வளவு தேடவேணும் எண்டும் தெரியுது.” கரியரை ஒருதரம் மணந்து பார்த்தார். “புளி கொஞ்சம் கூடிப்போச்சு.”

உள்ளே நடந்ததை அவரே பிறகு சொன்னார். காயத்துக்கு மேலும் கீழும், கைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடிக் குழாயை நாடாவால் கட்டுப்படுத்தி, அதில் ஏறியிருந்த அலகு நுனியையும் உறைந்த இரத்தத்தையும் எடுத்தாராம். நைந்த துண்டை வெட்டிவிட்டு, காலிலிருந்து எடுத்த இரத்த நாளமொன்றைத் தலைகீழாக வைத்துத் தைத்தாராம். ஏன் தலைகீழாக என்று கேட்டேன்.

“அந்த நாளத்துக்குள்ள சின்னச் சின்னக் கதவுகள் இருக்கு. நெஞ்சுப் பக்கம் போற ரத்தத்துக்குத்தான் திறக்கும். நேராத் தைச்சால் எல்லாக் கதவும் பூட்டிக்கொள்ளும்.”

வெயில் தாழும் நேரத்தில் எங்களை வார்ட்டுக்குள் விட்டார்கள். டொக்டர் என் விரலை எடுத்து மச்சானின் வலது மணிக்கட்டில் வைத்தார். நாடி அடித்தது. தங்கை அந்தக் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, “சுடுது,” என்றாள். மச்சான் அரைக் கண் திறந்தார்.

“தலை எங்க?”

“டொக்டர் எடுத்து வைச்சிருக்கிறார்,” என்றேன்.

“குத்தினது எனக்கு. தலை அவருக்கோ?”

கேட்டபடியே, கட்டுப்போட்ட வலக்கையின், காலையில் மடங்காத ஆட்காட்டி விரலை டொக்டரை நோக்கி நீட்டினார். டொக்டர் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“மற்ற விரலாலயும் ஒருக்காப் பேசுங்கோ,” என்றார்.