கூரை வீடு என்று எழுதிய பட்டறை

சவரிமுத்து மேஸ்திரி இறந்துபோன செய்தி எனக்கு ரயிலடியில் கிடைத்தது. மீஞ்சூரில் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். ஒரு காலத்தில் அவருடைய பட்டறையில் வேலை செய்த ஏழுமலை, இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் டர்னராக இருப்பவன், ஷிப்டு முடிந்து எதிர் வண்டியிலிருந்து இறங்கினான். என்னைப் பார்த்ததும் நேராக வந்தான்.

“சார், மேஸ்திரி பூட்டாரு. உனக்குத் தெரியாதா? முந்தாநேத்து மார்வலின்னாரு, அவ்ளோதான். நேத்து சாயங்காலமே கல்லறைக்கு எட்துகினு போய்ட்டோம்.”

“ஏம்பா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா?” என்றேன்.

அவன் தயங்கினான். “அனுப்பலாம்னுதான் இருந்தோம். ரோசம்மா அக்காதான், ‘வாணாம், அவுரு வேலை கெட்டுப்பூடும்’னுட்சு.”

ரோசம்மா மேஸ்திரியின் மனைவி. அந்த வார்த்தை எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. ஏன் குத்தியது என்பதை அவரை அறிந்த உங்கள் எல்லாருக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அவர் இருக்கும்போது எழுதியிருக்க வேண்டியது.

ஆரம்பாக்கம் வரைக்கும் மாட்டுவண்டி வைத்திருந்த எவருக்கும் மேஸ்திரியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். மகன் பட்டணத்துக்குப் போய் ஒரு பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, லேத்து ஓட்டக் கற்றுக்கொண்டு, அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பழைய லேத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினார். பனை ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை, பெல்ட் போட்டு ஓட்ட ஓர் ஆயில் இன்ஜின், இரண்டு ஆட்கள். வண்டி அச்சும் பம்புசெட்டு ஷாப்டும் அவர் கடைந்தால் ஆடாது என்று பேர்.

நான் பஞ்சாயத்து பில் கலெக்டர். ஊரில் எமனுக்கு அடுத்தபடியாக யாரும் வரவேற்காத ஆள். வரி போடுவதற்காக அந்தக் கொட்டகையை அளக்கப் போனபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். டேப்பின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார்.

“இஸ்து புடி சார். தொய்வா வுட்டா நீளம் ஜாஸ்தி காட்டும்” என்றார். சரி, விவரமான ஆள் என்று நினைத்துக்கொண்டேன். அகலத்தை அளந்தபோது பதினாறரை அடி வந்தது. போனால் போகிறது என்று பதினாறு என எழுதினேன். எட்டிப் பார்த்தவர், “அர அடிய ஏன் சார் முழுங்கிட்ட? கீறத எழுது” என்றார். இருபது வருஷமாக டேப்பு பிடிக்கிறேன். குறைத்து எழுதியதற்காக என்னிடம் சண்டை போட்டவர் அவர் ஒருவர்தான்.

அன்று மர நிழலில் உட்கார்ந்து வரியைக் கணக்குப் போட்டபோது எனக்கே சங்கடமாக இருந்தது. எங்கள் வரி யாருடைய வருமானத்தையும் கேட்காது. நீளம் கேட்கும், அகலம் கேட்கும், மேலே என்ன கூரை என்று கேட்கும். கூரை வீட்டுக்கு ஒரு விகிதம், ஓட்டு வீட்டுக்கு ஒரு விகிதம், தொழில் நடக்கும் இடமென்றால் இரண்டையும் தாண்டிய விகிதம். அதற்கு மேல் இன்ஜினுக்கு லைசென்ஸ் கட்டணம், அதற்கும் மேல் தொழில் வரி. அறுப்பு முடிந்து வண்டிகள் ஓடும் மூன்று நான்கு மாதம்தான் அவருக்குக் கை நிறைய வேலை. மற்ற மாதங்களில் பட்டறை நின்றாலும் வரி நிற்காது. அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் பெரிய கட்டடங்களும் வர ஆரம்பித்திருந்தன. அங்கே வரிக்குப் போனால் நாற்காலி போட்டு உட்காரவைத்து, அப்பீல் போட்டிருக்கிறோம் என்று வக்கீல் காகிதத்தைக் காட்டுவார்கள். மேஸ்திரிக்கு வக்கீல் ஏது? ரோசம்மாதான் வக்கீல்.

“இன்னா சார் அநியாயம் இது? ஒழுவுற கூரைக்கி ஒரு வரி, நின்னுபோன இஞ்சினுக்கு ஒரு வரி, சும்மா குந்தினுகீற இவுருக்கு ஒரு வரியா? கொல்லையில துட்டு மரமா நட்டு வெச்சிகிறோம், உலுக்கி உலுக்கிக் குடுக்க?”

அந்தம்மாள் கேட்டதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. நானும் யோசித்து, நோட்டில் ‘தொழிற்கூடம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘கூரை வீடு’ என்று எழுதினேன்.

“வூடுன்னா எழுதுற? உள்ள லேத்து கீதே சார்” என்றார் மேஸ்திரி.

“இருந்துட்டுப் போகுது மேஸ்திரி. மூலைல ஒரு அடுப்ப வெச்சுடுங்க. அடுப்பு எரிஞ்சா அது வீடுதான்” என்றேன், பெரிய தர்மப்பிரபு மாதிரி.

அவர் சிரிக்கவில்லை. “அளவுல பொய் வெச்சா அச்சு ஆடும் சார்” என்றார். ஆட்களைத் திட்டும்போது அவர் வழக்கமாகச் சொல்வது அது. ரோசம்மா அதற்குள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வருஷத்துக்கு ஒருமுறை மேலதிகாரி தணிக்கைக்கு வருவார். முதல் நாளே நான் சொல்லியனுப்பிவிடுவேன். இன்ஜின் நிற்கும், லேத்தின் மேல் புடவை விழும், உத்தரத்தில் ஒரு தூளி தொங்கும். தூளிக்குள் ஏழுமலையின் அக்கா குழந்தை. ஒரு தடவை அதிகாரி தூளியை விலக்கிப் பார்த்து, “குழந்தை மேல ஏம்மா மிஷின் எண்ணெய் வாசனை அடிக்குது?” என்று கேட்டார். ரோசம்மா கண்ணை இமைக்காமல், “அவங்க அப்பன் தூக்குனான் சார்” என்றார். அதிகாரி போன பிறகு வயிறு வலிக்கச் சிரித்தோம். மேஸ்திரி மட்டும் புடவையை உருவி மடித்து வைத்துவிட்டு இன்ஜினைக் கிளப்பப் போனார்.

எழுபதுகள் பிறந்த பிறகு ஒரு நல்ல காலம் வந்தது. சிறு பட்டறைக்காரர்களுக்குத் தொழிற்பேட்டையில் மனை கொடுக்கிறார்கள், பெரிய மோட்டார் ஓட்டும் கரண்டு உண்டு, பேங்கில் கடன் உண்டு என்றார்கள். மேஸ்திரியைவிட அதற்குத் தகுதியான ஆள் எங்கள் சுற்றுவட்டாரத்தில் இல்லை. விண்ணப்பத்தோடு ஒரே ஒரு அத்தாட்சி கேட்டார்கள். பட்டறை ஐந்து வருஷமாக நடக்கிறது என்பதற்கு வரி ரசீது.

அவர் ரசீதுகளை ஒரு துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். ஒரு வருஷம்கூடப் பாக்கி இல்லை. ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் ‘கூரை வீடு’.

“இது வூட்டு ரசீதாம் சார். பட்டற எங்கன்னு கேக்குறாங்க” என்றார். குரலில் கோபமே இல்லை.

நான் எங்கள் நிர்வாக அதிகாரியிடம் போனேன். நியாயமான மனிதர். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பதிவுல தப்பு என்னுதுன்னு நீ எழுதிக் குடு, நான் திருத்திச் சான்று தர்றேன். வித்தியாசத் தொகைய அவர் தவணையில கட்டட்டும். உனக்கு ஒரு இன்கிரிமெண்ட்ட நிறுத்த வேண்டிவரும். அதுக்கு மேல ஒண்ணும் ஆகாது.”

ஒரே ஒரு இன்கிரிமெண்ட். படியிறங்கும்போதே மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. வாடகை, இரண்டு பெண்கள், இனி வரப்போகும் சம்பள உயர்வெல்லாம் ஒரு படி கீழேயே நிற்கும். சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் மேஸ்திரி காத்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: “இதைத் திருத்தினா என் வேலை போயிடும் மேஸ்திரி.”

“வேலையேவா பூடும்?”

“ஆமா.”

அவர் ரசீதுகளை மறுபடி முடிந்தார். “அப்ப உடு சார். வேலை பூட்சின்னா ரெண்டு பொண்ண வெச்சினு இன்னா பண்ணுவ?” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

மனை வேறு யாருக்கோ போனது. கரண்டில் ஓடிய பட்டறைகள் அவர் ஒரு நாளில் செய்வதை மத்தியானத்துக்குள் முடித்துப் பாதி விலைக்குக் கொடுத்தன. இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தார். பிறகு லேத்தை விற்றுவிட்டு, தலை நரைத்த வயதில் கும்மிடிப்பூண்டியில் இன்னொருவர் லேத்தின் முன்னால் போய் நின்றார். ரயிலில் என்னைப் பார்த்தால் நகர்ந்து இடம் கொடுப்பார். அந்த ஓரத்தில் உட்கார்ந்து வருவதற்கு எனக்கு என்ன தகுதி இருந்தது?

ஒருநாள் வாயெடுத்தேன். “மேஸ்திரி, அன்னிக்கு நான்...” அவர் முடிக்க விடவில்லை.

“நல்லதுக்குதான் செஞ்ச சார். வரி ஜாஸ்தி, தாங்க முடியலன்னு பட்டறக்காரங்க எல்லாம் சேந்து எழுதிக் குட்த்திருக்கணும். நாம வூடுன்னு எழுதினோம். பயந்துட்டோம், நீயும் நானும்” என்றார். என் பயத்தில் பாதியைத் தன் பேரில் எழுதிக்கொண்டார். நான் அதையும் பேசாமல் ஏற்றுக்கொண்டேன்.

ஏழுமலை சொன்ன மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். ரோசம்மா பாயைப் போட்டார். அழாமல், அக்கம்பக்கத்துச் செய்தி சொல்வதுபோலச் சொன்னார்:

“அவுருக்குத் தெரியும் சார். அன்னிக்கே உன் ஆபீசராண்ட போய்க் கேட்டுகினு வந்தாரு. உன் வேலைக்கி ஒண்ணியும் ஆவாதாம், ஒரு இன்கிரிமெண்டுதான் நிக்குமாம். நான் வந்து உன்ன நாக்கப் புடுங்குற மாதிரி கேக்கணும்னு கெளம்பினேன். ‘வாணாம் ரோசா, கேட்டுட்டா அந்த மனுசன் நம்ம மூஞ்சில முழிக்க மாட்டாரு’ன்னு கைய புட்ச்சி குந்த வெச்சிட்டாரு. அவுரு இருக்கச்சொல்ல கேக்கல. இப்ப அவுரு இல்ல.”

இறந்தவர் விட்டுச்சென்றதில் நம்மிடம் இருப்பது எது என்று சொல்லி முடிப்பது மரபு. நானும் சொல்லிவிடுகிறேன். அந்த இன்கிரிமெண்ட் என்னிடம் இருக்கிறது. அது என் சம்பளத்தோடு கலந்து மாதாமாதம் வருகிறது. ஓய்வு பெற்ற பிறகு பென்ஷனிலும் வரும். இந்த மாதம் முதல் தேதியும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.