திரையை இழுக்கக் கற்றுக்கொண்டோம்

கலைவிழா நடத்தப் பயிற்சி என்று சொல்லித்தான் எங்களைச் சேர்த்தார்கள். கன்டோன்மென்டில் ஒரு மாடி ஹால். சொல்லிக்கொடுக்க வந்தவர் சென்னையில் பெரிய பெரிய விழாக்களை நடத்தியவர். அந்த ஆளின் குரலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதல் நாளே கயிற்றில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, ஒருவரைப் பாடச் சொல்லி, இன்னொருவரைப் பாதியில் இழுத்து மூடச் சொன்னார்.

"ஆர்ட்டிஸ்டைக் கூப்பிட எவனாலயும் முடியும். நிறுத்தத் தெரியணும். அதுக்குத்தான் சம்பளம்."

என் முறை வந்தபோது பாட்டு முடியட்டுமே என்று தயங்கினேன். "நீங்க எடமலைப்பட்டி புதூர்தானே? பக்கத்துல ஏதாவது கல்யாண மண்டபத்துல பந்தி விசாரிக்கப் போங்க" என்றார். வகுப்பே சிரித்தது. சிரிக்காதவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மட்டும்தான்.

அவளுக்கு மலைக்கோட்டைப் பக்கம் சந்துக்குள் வீடு. சவூதிக்குப் போன கணவர் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். குழந்தையோடு அப்பா வீட்டில் இருந்தாள். அத்தா என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். அத்தா தொப்பியும் அத்தரும் விற்கிற சின்னக் கடைக்காரர். தர்கா கந்தூரிகளிலும் கல்யாணங்களிலும் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து இஸ்லாமியப் பாட்டுப் பாடுவார். பயிற்சி முடிந்ததும் எங்களில் ஒரே ஒருவருக்கு அங்கேயே வேலை என்று சொல்லியிருந்தார்கள். அது அவளுக்குக் கிடைத்தே ஆக வேண்டும். கிடைக்காவிட்டால் இன்னும் எத்தனை நாள் அத்தா தலையில் உட்கார்ந்திருப்பது என்பாள்.

கடைசிப் பரீட்சையாக ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளி ஹாலில் மாலை விழா. ஆளுக்கு ஒரு கலைஞரை நாங்களே கூட்டி வர வேண்டும். அவள் அத்தாவைக் கூட்டி வந்தாள். "மேடைன்னு ஒண்ணுல அத்தா பாடினதே இல்லைங்க. எல்லாம் பந்தல்ல, தரையில உக்காந்துதான்" என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். வேலை பிரித்துக் கொடுத்தபோது மைக்கில் அறிவிப்பது எனக்கு, திரைக் கயிறு அவளுக்கு. வேண்டுமென்றே செய்தார், படுபாவி.

சிறப்பு விருந்தினர் ஆடி அசைந்து வந்தார். பிறகு பொன்னாடை. விருந்தினருக்கு, அவர் மனைவிக்கு, மச்சானுக்கு, கார் ஓட்டி வந்தவருக்குக்கூட. ஒவ்வொரு சால்வைக்கும் ஒரு போட்டோ. எங்கள் ஆசான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். நேரம் என்பது பாட வந்தவர்களுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

அத்தாவுக்கு ஒதுக்கிய அரை மணி ஒரே பாட்டாகச் சுருங்கியது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. கந்தூரியில் பாடுகிற நிதானத்தில் கண்ணை மூடி ஆரம்பித்தார். இரண்டாவது சரணத்துக்குள் நுழையும்போதே ஆசான் அவளிடம் "திரை" என்றார்.

"சார், இன்னும் ஒரு சரணம்தான் சார்."

"யாரு பாடறாங்கன்னு எனக்கும் தெரியும்மா. வேலை வேணுமா, வேண்டாமா?"

இழுத்தாள். அத்தாவின் மைக்கையும் அணைத்தார்கள். நான் திரைக்கு முன்னால் நின்று அடுத்தது பரதநாட்டியம் என்று அறிவித்தேன். பின்னால் பாட்டு நிற்கவில்லை. பந்தலில் பாடிப் பழகியவருக்குத் திரை மூடினால் முடிந்தது என்று எப்படித் தெரியும்? கூட்டம் கலைந்துவிடக் கூடாதே என்று இன்னும் ஓங்கிப் பாடினார். முன்வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்தவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

உள்ளே போனேன். அவள் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள்.

"கயிறு அறுந்துடுச்சாம்மா? சரி பண்ணச் சொல்லு. அதுவரைக்கும் நான் பாடிட்டு இருக்கேன்."

"ஆமாத்தா, அறுந்துடுச்சு. போதும்த்தா."

அதற்குள் ஆசான் வந்துவிட்டார். "செலக்டட்" என்று அவளிடம் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "பாத்துக்குங்க. பெத்த அப்பாவுக்கே திரையை இழுத்தவங்க யாருக்கு வேணா இழுப்பாங்க."

அத்தாவின் விரல்கள் கட்டைகளின் மேல் அப்படியே நின்றன. பிறகு ஆர்மோனியத்தை மூடினார்.

"வேலை கிடைச்சிடுச்சாம்மா?"

தலையாட்டினாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.