ஒரு நிமிட மௌனம்

இதில் நான் சேர்த்துச் சொன்னது எதுவும் இல்லை. குறைத்துச் சொன்னது வேண்டுமானால் இருக்கலாம். சில இடங்களில் கை எழுத மறுக்கிறது.

படிப்பின் கடைசி வருடத்தில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்தோம். எடுத்து முடித்ததும், "குழுவாக வேலை செய்ததில் என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் ஆசிரியர். மற்ற மூன்று பேரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நேரம் தவறாமை, விட்டுக்கொடுத்தல், இப்படி ஏதோ. நான் கொடுக்கவில்லை. மதிப்பெண் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். கதை எழுதி இயக்கியவன் டைரக்டர். வீட்டில்கூட அவனை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டவன். கேமராவுக்கு நெட்டை. நிலைப்படியில் தலை இடிக்காமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்ததில்லை. நடித்தவள் எங்கள் வகுப்புதான், வயதில் ஒரு வருடம் மூத்தவள், அதனால் சீனியர். ஒலிப்பதிவு, எடிட்டிங் இரண்டும் நான். என்னைக் 'காது' என்பார்கள்.

காரணம் உண்டு. படம் எடுக்கும் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிமிடம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பேன். அந்த அறையின் வெறும் அமைதியைத் தனியாகப் பதிவு செய்வேன். வசனங்களுக்கு நடுவே விழும் ஓட்டைகளைப் பின்னால் அடைக்க அது வேண்டும். அதற்காக நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. "காது ஆரம்பிச்சிட்டா. எல்லாரும் ஒரு நிமிஷம் செத்துப் போங்கப்பா" என்பான் நெட்டை.

கதை எளிமையானது. அம்மா இறந்துபோன வீட்டுக்கு ஒரு பெண் திரும்பி வருகிறாள். காலி அறையில் நின்று அழுகிறாள். அவ்வளவுதான். டைரக்டரின் மாமாவுக்கு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு வீடு இருந்தது. மூன்றாவது மாடி. குடியிருந்தவர்கள் காலி செய்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. சனிக்கிழமை சாவி கிடைத்தது. வாட்ச்மேன் அன்று உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். கேள்வி கேட்க ஆள் இல்லை. எங்களுக்கு அது வசதியாகப் போயிற்று.

மத்தியானம் மூன்று மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது, அந்த அழுகை ஒன்றைத் தவிர.

சீனியருக்கு அழுகை வரவில்லை. கிளிசரின் போட்டோம். கண் சிவந்ததே தவிர முகம் அழவில்லை. வெங்காயம் வாங்கி வந்து நறுக்கினோம். அதை நறுக்கிய நெட்டைதான் அழுதான். மேற்கு ஜன்னல் வழியாக வந்த வெயில் சுவரில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அது போய்விட்டால் காட்சியும் போய்விடும். டைரக்டர் நகத்தைக் கடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

"அஞ்சு நிமிஷம் ரெஸ்ட் எடுங்க. அதுக்குள்ள நான் அமைதிய எடுத்துக்கறேன்" என்றேன்.

திட்டிக்கொண்டே மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். பக்கத்து வீட்டை ஒட்டிய சுவரின் அருகே மைக்கை வைத்தேன். ஹெட்போனை மாட்டினேன். மணி 3:40.

முதலில் வழக்கமான இரைச்சல். எங்கோ தண்ணீர்க் குழாய். கீழே ஒரு வண்டி.

பிறகு... ஒரு பெண் அழும் சத்தம்.

அடக்கி அடக்கி அழுகிற அழுகை. நடுநடுவே ஏதோ பேச்சு. வார்த்தை புரியவில்லை. ஒவ்வொரு பேச்சுக்கும் பிறகு, 'டொக்' என்று ஒரு சத்தம். மரத்தில் விரல் முட்டி பட்டது போல.

ஹெட்போனைக் கழற்றினேன். ஒன்றுமே கேட்கவில்லை. மாட்டினேன். அழுகை.

"பக்கத்து வீட்ல யாரோ அழுறாங்க" என்றேன்.

டைரக்டர் ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டான். அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஆமாம், மலர்ந்தது. "நிறுத்தாத. ஓட விடு" என்றான். நெட்டை கேட்டான். கடைசியாக சீனியரிடம் போயிற்று ஹெட்போன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். அவள் உதடு கோணியது. கண்ணில் தானாகத் தண்ணீர் இறங்கியது.

"கேமரா... கேமரா..." என்று டைரக்டர் கிசுகிசுத்தான். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் அழுததை, ஹெட்போன் தெரியாதபடி முகத்தின் மறுபக்கத்திலிருந்து எடுத்தான் நெட்டை.

"போய் ஒரு தடவ பாத்துட்டு வரலாமா?" என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பது உண்மை. காலை எடுத்து வைக்கவில்லை என்பதும் உண்மை.

"முதல்ல இது முடியட்டும். வெயில் போயிடும்" என்றான் டைரக்டர்.

காட்சி அற்புதமாக வந்தது. சீனியருக்குக் கைதட்டினோம், ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் குதித்தோம். விளக்கு, வயர், ஸ்டாண்ட் எல்லாவற்றையும் மூட்டை கட்டினோம். ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம். பக்கத்து வீட்டுக் கதவைத் தாண்டித்தான் லிஃப்டுக்குப் போக வேண்டும். தாண்டினோம்.

லிஃப்டில் எனக்கு உறுத்தியது. "யாராவது தட்டிப் பாத்தீங்களா?"

"சீனியர் பின்னாடி வந்தாளே, தட்டியிருப்பான்னு நெனச்சேன்" என்றான் டைரக்டர்.

"நானா? காதுதான் கேட்டா. அவ போயிருப்பான்னுல்ல நெனச்சேன்."

நெட்டை கையிலிருந்த மூட்டையைக் காட்டினான். "எனக்குக் கை ஒழிவில்ல."

லிஃப்ட் கீழே வந்துவிட்டது. மறுபடி மேலே போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. குடும்பத்துச் சண்டையாக இருக்கும், நாம் மூக்கை நுழைக்கக் கூடாது என்று சீனியர் சொன்னாள். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

திங்கட்கிழமை மத்தியானம் எடிட்டிங் அறையில் உட்கார்ந்தேன். கல்லூரியின் நான்காவது மாடி, கடைசி அறை. ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்க ஒலி தடுக்கும் பஞ்சு. கதவைச் சாத்தினால் பகலா இரவா என்று தெரியாது. மற்ற மூவரும் வகுப்பில் இருந்தார்கள்.

அழுகையைத் திறந்தேன். பதிவின் நீளம் பதினைந்து நிமிடம் என்று காட்டியது.

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நான் பதிவை நிறுத்தியது பத்து நிமிடம் தாண்டுவதற்குள். ஏதோ தவறாகப் பார்த்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

குழாய் இரைச்சலைக் குறைத்தேன். வண்டிச் சத்தத்தை எடுத்தேன். குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் துலங்கி வந்தது.

"அம்மா... இருக்கியா?"

டொக்.

"விழுந்துட்டியா?"

டொக்.

இது சண்டை இல்லை. அழுகிற பெண் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள். அந்த யாரோ தட்டிக்கொண்டிருக்கிறார்.

"எழுந்திருக்க முடியுதா?"

டொக்... டொக்.

இரண்டு முறை.

நீண்ட அழுகை. மூக்கை உறிஞ்சும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து வந்த சத்தம் இவ்வளவு பக்கத்தில் எப்படிக் கேட்கும்?

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

டொக்.

நிறுத்தினேன். பட்டனை அழுத்தியது என் விரல்தான். திரையில் கோடு நின்றது.

ஆனால்...

ஒலி அளவு காட்டும் பச்சைக் கம்பி நிற்கவில்லை. மெல்ல ஏறியது. இறங்கியது. மூச்சு விடுவது போல.

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

டொக்.

இந்த முறை ஹெட்போனில் இல்லை.

எனக்கு இடப்பக்கம். பஞ்சு ஒட்டிய சுவர். அதற்கு அந்தப் பக்கம் அறை கிடையாது. வெளிக்காற்றுதான். நான்கு மாடி உயரம்.

டொக்.

கீழே. தரையோடு தரையாக. படுத்துக்கொண்டு தட்டினால் எங்கே கேட்குமோ, அங்கே.

காலைத் தரையிலிருந்து தூக்கி நாற்காலியில் மடக்கி வைத்துக்கொண்டேன்.

மேஜையில் கிடந்த ஹெட்போனிலிருந்து, கொசு போல, அந்தக் குரல்.

"அவங்களுக்குக் கேக்குதா?"

நான் மூச்சை அடக்கினேன்.

டொக்.

அலைபேசி அதிர்ந்தது. நான் அலறியே விட்டேன். மணி 2:52. டைரக்டர்.

"எங்க இருக்க?"

"எடிட்டிங்ல."

"தனியாவா?"

"என்னடா?"

"மாமா இப்பதான் பேசினாரு. பக்கத்து வீட்ல..." என்று தொடங்கினான். "ஒரு அம்மா. தனியா இருந்தாங்களாம். வெளியூர்ல இருக்கற பொண்ணு நேத்து காலைல வந்து கதவ உடைச்சுப் பாத்திருக்காங்க. குளியலறை வாசல்ல கெடந்தாங்களாம்."

"எப்போ... எப்போ செத்தாங்களாம்?"



"விழுந்தது சனிக்கிழமை மத்தியானமாம். உயிர் போனது ராத்திரி ஏழு, எட்டு மணிக்காம். டாக்டர் சொன்னாராம்."

நாங்கள் கிளம்பியது ஐந்து மணிக்கு.

அன்று சாயங்காலம் கல்லூரி வாசலில் நான்கு பேரும் நின்று சண்டை போட்டோம். நான் பதிவைப் போட்டுக் காட்டினேன். மூவரும் கேட்டார்கள். சனிக்கிழமை கேட்டதில் இந்த வார்த்தைகள் இல்லை என்று மூவருமே சொன்னார்கள். ஆனால் அழிக்கச் சொன்னவன் டைரக்டர் மட்டும்தான்.

"சொல்லி என்ன ஆகப் போகுது? அவங்க திரும்பி வரப் போறாங்களா?"

"அந்தப் பொண்ணு கிட்ட சொல்லணும்" என்றேன்.

"போலீஸ்னு போனா?"

"போகட்டும்" என்றாள் சீனியர். அன்றைக்கு முழுக்க அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "நான் அந்த அழுகைய வச்சு நடிச்சிருக்கேன்டா. எனக்குக் கைதட்டினீங்கடா." நெட்டை அவள் தோளைப் பிடித்து நடைபாதைக் கட்டையில் உட்கார வைத்தான். அழிக்கும் பேச்சை டைரக்டரும் விட்டுவிட்டான்.

படத்தை அந்த அழுகைச் சத்தம் இல்லாமல்தான் கொடுத்தோம். கடைசிக் காட்சியில் ஒலியே கிடையாது. மௌனத்தை மிகத் துணிச்சலாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்று ஆசிரியர் பாராட்டினார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம்.

அந்த வாரக் கடைசியில் நான்கு பேரும் அந்த மாடிக்குப் போனோம். கதவு புதிதாக மாட்டியிருந்தது. நான்தான் தட்டினேன். திறந்தது அந்த அம்மாவின் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டில் பாதிச் சாமான் அட்டைப் பெட்டிகளில் இருந்தது. நாங்கள் யார், அன்று எங்கே இருந்தோம், என்ன கேட்டோம், என்ன செய்யவில்லை... எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். இடையில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயம்.

அவர் திட்டவில்லை. முகத்தில் குழப்பம்தான் தெரிந்தது.

"சத்தமா? அம்மா குரலா? இருக்காதும்மா" என்றார். "நாலு வருஷமா அம்மாவுக்குப் பேச்சே கிடையாது. பக்கவாதம் வந்ததுல போயிடுச்சு. நான் போன் பண்ணுவேன், எடுத்து விரலால தட்டுவாங்க. ஒண்ணுன்னா ஆமா. ரெண்டுன்னா இல்ல. அப்படித்தான் நாங்க பேசிக்குவோம்."



"கேக்கறீங்களா அக்கா?" என்று ஹெட்போனை நீட்டினேன்.

மாட்டிக்கொண்டார். முதல் கேள்வியிலேயே ஒரு பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இது நான்" என்றார். "இது என் குரல்."



"சனிக்கிழமை மத்தியானத்துலேருந்து அம்மா போன் சுவிட்ச் ஆஃப். வாட்ச்மேனும் எடுக்கல. எனக்கு ஏதோ மனசு அடிச்சுக்கிச்சு. ஆபீஸ் மாடிப்படில உக்காந்துட்டேன். லைனே கிடைக்காத போனக் காதுல வச்சுக்கிட்டு, பைத்தியம் மாதிரி கேட்டுக்கிட்டே அழுதேன். இருக்கியா, விழுந்துட்டியா, பக்கத்துல யாராவது இருக்காங்களான்னு. ஒரு சத்தமும் வரல எனக்கு. அப்புறம்தான் ரயிலைப் பிடிச்சேன். ராத்திரி முழுக்க ரயில்."

அவர் இருந்த ஊருக்கும் இந்தச் சுவருக்கும் நடுவே ஓர் இரவுப் பயணத் தூரம்.

மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு தட்டலுக்கும் அவர் தலை லேசாக ஆடியது, அம்மாவோடு போனில் பேசுகிறவர் போல. கடைசி இடம் வந்தபோது நெற்றி சுருங்கியது. ஹெட்போனைக் கழற்றினார். எங்கள் நான்கு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"குரல் என்னுதுதான். ஆனா கடைசில ஒண்ணு வருதே, 'அவங்களுக்குக் கேக்குதா'ன்னு... அத நான் கேக்கவே இல்ல" என்றார். "எனக்கு அப்படிக் கேக்கணும்னே தோணல. பக்கத்துல ஆள் இருந்து, காதுலயும் விழுந்தா, வராமயா இருப்பாங்க?"