மாமாவுக்கு அசைத்த கொடி

எங்கள் மாமா கல்யாணத்துக்குப் போனபோது சாலையின் இரண்டு பக்கமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று கொடி அசைத்தார்கள், போலீஸ்காரர்கள் சல்யூட் அடித்தார்கள் என்று சொன்னால் மெயின்லேண்டில் யாரும் நம்புவதில்லை. கொடி அசைத்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால் அவர்கள் நம்பாதது பற்றி எனக்குக் கவலையில்லை.

போர்ட் பிளேரின் சந்தடி குறையும் இடத்திலிருந்து டெய்ரி ஃபார்ம், டாலிகஞ்ச், பாத்துபஸ்தி, கராச்சர்மா என்று பேட்டைகளைக் கோத்துக்கொண்டு போகும் சாலை அது. இறங்காமல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் ரங்கத் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடும். எங்கள் வீடு டாலிகஞ்சில், அந்தச் சாலையில் வந்து முட்டும் ஒரு குறுகலான சந்துக்குள் இருந்தது. சந்து முனைக்கு எதிரிலேயே என் பள்ளிக்கூடம். பால், மீன், விருந்தாளி எதுவானாலும் அந்தச் சாலை மனசு வைத்தால்தான் எங்கள் வீட்டுக்கு வரும். மாமாவுக்குப் பார்த்திருந்த பெண்ணும் அதே சாலையில் கராச்சர்மாவில்தான் இருந்தாள்.

மாமா அம்மாவின் தம்பி. கார் நிக்கோபாரில் அரசாங்க வேலை. லீவு கிடைத்தால் கப்பல் கிடைக்காது, கப்பல் கிடைத்தால் லீவு கிடைக்காது. இப்படியே இரண்டு முறை கல்யாணத் தேதி தள்ளிப்போனதில் பெண்ணின் அப்பா வெறுத்துப்போயிருந்தார். ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தைக் குறித்துக் கொடுத்து, இதுவும் தவறினால் பெண்ணுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

அதே காலையில்தான் மெயின்லேண்டிலிருந்து ஒரு பெரிய மனிதர் விமானத்தில் வந்து இறங்கி, கராச்சர்மா பக்கம் ஏதோ கட்டடத்தைத் திறக்கப் போவதாக ஏற்பாடு. வழிநெடுகப் பள்ளிப் பிள்ளைகள் நின்று வரவேற்க வேண்டும். லீவு கேட்டு அழுது பார்த்தேன், நடக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பா வந்து கூட்டிப்போவார் என்று அம்மா சமாதானம் சொன்னாள்.

எங்களுக்கு ஒத்திகை நடத்தியவர் பி.டி. சார். பெங்காலிக்காரர், எங்கள் சந்திலேயே குடியிருந்தார். அவர் விசில் ஊதினால்தான் கொடி அசைய வேண்டும், டிரம் அடிக்க வேண்டும். விசிலுக்கு முன்னால் கொடியைத் தூக்கிய ஒரு பையனை மைதானம் முழுக்க ஓடவிட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் மூக்கைக்கூடச் சொறியவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் எங்கள் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து ரசத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் குடித்தவர், மறுநாள் காலையில் என்னை யாரோ போலப் பார்த்து வரிசையில் நிறுத்தினார்.

கல்யாண வீட்டில் அன்று ஒரு குறையும் இருந்தது. மழையால் முந்தின நாள் சென்னை விமானம் வரவில்லை. விமானம் வராததால் பூவும் வரவில்லை. கான்ட்ராக்டர் ஒருவரிடம் இரவல் வாங்கிய வெள்ளை அம்பாசடர் கார், ஒரு முழம் பூக்கூட இல்லாமல் மொட்டையாக நின்றது. அதைப் பார்த்து அம்மா கண்ணைக் கசக்கினாள். மாமா மட்டும் கப்பலில் வந்திருந்த கோட்டைப் போட்டுக்கொண்டு, கூலிங் கிளாஸும் மாட்டிக்கொண்டு ஜம்மென்று முன் சீட்டில் ஏறினார். நாத்தனார் முடிச்சுப் போட வேண்டிய அம்மா பின் சீட்டில் உட்கார்ந்தாள். மற்ற சொந்தக்காரர்கள் பின்னாலேயே வேனில் ஏறினார்கள்.

நாங்கள் ஏற்கெனவே சாலையோரம் நின்று கால் கடுத்துப்போயிருந்தோம். விமானம் லேட். சாலையை எப்போதோ மூடியிருந்தார்கள். அந்த நேரத்தில் கார் சந்திலிருந்து மூக்கை நீட்டியது. முனையில் நின்ற கான்ஸ்டபிள் லத்தியைக் குறுக்கே போட்டார்.

"ரோட் பந்த் ஹை. பீச்சே லோ." சாலை மூடியாகிவிட்டது, வண்டியைப் பின்னால் எடு என்றார்.

வேனிலிருந்து அப்பா இறங்கி ஓடிவந்தார். "சாப், ஷாதி ஹை சாப்! முகூர்த்தம் போயிடும், கொஞ்சம் விடுங்க சாப்!"

"வி.ஐ.பி. ஜானே கே பாத்," பெரிய மனிதர் போன பிறகுதான் என்றார் கான்ஸ்டபிள்.

அப்பா கும்பிட்டார். கான்ஸ்டபிள் வேறு பக்கம் பார்த்தார். காருக்குள் மாமா கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுக் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கல்யாணம் நின்றுவிடும் என்பது எனக்கே புரிந்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை. கையில் கொடிதான் இருந்தது. "மாமா!" என்று கத்திக்கொண்டே அதைத் தூக்கி ஆட்டினேன்.

விசில் ஊதியது.

சாலையின் இரண்டு பக்கமும் அத்தனை கொடிகளும் எழுந்தன. டிரம் முழங்கியது. பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள். கான்ஸ்டபிளுக்கு முகம் வெளுத்துவிட்டது. பெரிய மனிதர் வரும் நேரத்தில் குறுக்கே ஒரு கார் நிற்கிறது. பின்னால் எடுக்கலாம் என்றால் வேன் அடைத்துக்கொண்டிருக்கிறது. "ஆகே நிகலோ! ஜல்தி! ஜல்தி!" என்று அவரே கார் கூரையைத் தட்டி முன்னால் விரட்டினார்.

மாமா அவசரமாகக் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டார். கார் பாய்ந்தது, வேனும் ஒட்டிக்கொண்டே போனது. சத்தம் எங்களிடமிருந்து அடுத்த பள்ளிக்கூடத்துக்குத் தாவியது, அங்கிருந்து பாத்துபஸ்திக்கு. பூ இல்லாத வெள்ளைக் காரையும் கோட்டுப் போட்டவரையும் பார்த்து வழியில் இருந்த போலீஸ்காரர்கள் எல்லாம் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்களாம். மாமா இரண்டு பக்கமும் கும்பிடு போட்டுக்கொண்டே போய் முகூர்த்தத்துக்கு முன்னால் இறங்கிவிட்டார். அம்மா முடிச்சுப் போட்டாள். நடுரோட்டில் நின்றுபோன அப்பாவும் நானும்தான் தாலி கட்டியதைப் பார்க்கவில்லை. உண்மையான பெரிய மனிதர் வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பெரிய விசாரணை. கார் எது என்று தெரியாமல் ஊதிவிட்டதாக பி.டி. சார் தலைகுனிந்து நின்றார். என் கொடியைப் பார்த்து அவரே ஏமாந்துவிட்டார் என்று வகுப்பில் பெருமையடித்தேன். அந்த மாதமே அவரை ரங்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். மைதானத்தில் ஓடவிட ஆளில்லை.

சாரின் மனைவியும் கைக்குழந்தையும் எங்கள் சந்திலேயே இருந்தார்கள். எங்களோடு தங்கியிருந்த புது அத்தை அந்த வீட்டுக்குப் போகாமல் ஒரு நாளும் இருந்ததில்லை. தீபாவளிக்கு எங்கள் வீட்டில் நிரப்பும் டப்பாக்களில் பெரியது ரங்கத் பஸ்ஸில் ஏறும்.

"இவ்ளோ பெரிய டப்பா யாருக்கும்மா?" என்று கேட்டேன்.

"சாப்பிட வேண்டியவங்களுக்குத்தாண்டி," என்றாள் அம்மா.

இந்தக் கதையை நான் பல வருடங்களாகச் சொல்லிவருகிறேன். போன விடுமுறையில் மாமா மகளிடம், "நான் கொடி ஆட்டலைன்னா நீ பொறந்தே இருக்க மாட்டே" என்று அளந்துகொண்டிருந்தேன். ஊஞ்சலில் இருந்த மாமா சிரித்தார்.

"நீ ஆட்டுனதுல பி.டி. சார் ஏமாந்துட்டாருன்னா இன்னும் நெனச்சுக்கிட்டிருக்க? பாப்பா, முந்தின நாள் சாயங்காலம் அந்தக் காரை என்கூடச் சேந்து கழுவினதே அவருதான்."

ரங்கத்துக்குப் போன டப்பா ஒருபோதும் காலியாகத் திரும்பியதில்லை. வெல்லம் போட்ட தேங்காய் உருண்டைகள் நிறைய வரும். அப்படி ஒரு உருண்டையை எங்கள் வீட்டில் யாரும் செய்ய மாட்டார்கள். கடைசி உருண்டைக்காக அண்ணனோடு மல்லுக்கட்டிய நான், அதை அனுப்புவது யார் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.