சாமுவேல் சார் அளக்காத சொட்டு

சாமுவேல் சார் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது அவருக்கான இலைப் பை என் கையில் இருந்தது. சனிக்கிழமை காலை, ஆரணி பஸ் நிலையம். படவேட்டில் இருக்கும் என் தம்பி தன் நிலத்து வேலியில் படர்ந்திருக்கும் சிறுகுறிஞ்சான் இலையைப் பறித்து வாராவாரம் பஸ்ஸில் கொடுத்தனுப்புவான். கண்டக்டர் படிக்கட்டில் நின்றபடியே பையை நீட்டுவார். அதை வாங்கிய கையோடு போன் அடித்தது. வேலூரில் வேலை செய்யும் எங்கள் பழைய மாணவி ஒருத்தி அழுதுகொண்டே, "மேடம், சாமுவேல் சார் போயிட்டாரு" என்றாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அந்த வாரம்தான் பேசியிருந்தார். செருப்புக் கடித்த புண் ஆற மாட்டேன் என்கிறது, வேலூரில் காட்டிவிட்டுச் சனிக்கிழமைக்குள் வந்துவிடுவேன், இலையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று சொன்ன மனிதர். பஸ் கிளம்பிப் போன பிறகும் நான் அந்தப் பையோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அவரிடம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். முன்னாள் மாணவர் மலருக்கு அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எழுதுகிறேன், ஆனால் நல்லதை மட்டும் எழுத எனக்கு வரவில்லை. அவர் வேதியியல், நான் தாவரவியல். ஒரே மாடியில் எதிரெதிர் அறைகளில் காலம் தள்ளியவர்கள் நாங்கள். செடி இன்னதுதான் என்று நான் சொல்வேன், அதற்குள் என்ன இருக்கிறது என்று அவர் சொல்வார். கல்லூரியில் என் பேச்சை யார் நம்பாவிட்டாலும் அவர் நம்புவார். அவர் பேச்சை நான் நம்பினேன். அதனால்தான் இவ்வளவு கோபம்.

ஒவ்வொரு வருடமும் முதல் செய்முறை வகுப்பில் அவர் செய்யும் வேலை உங்களுக்கு மறந்திருக்காது. சட்டையில் சாக்பீஸ் பொடியோடு வந்து ஆளுக்கொரு சிறுகுறிஞ்சான் இலையைக் கொடுத்து மெல்லச் சொல்வார். கசப்பில் எல்லாரும் முகத்தைச் சுளிக்கும்போது ஒரு சிட்டிகைச் சர்க்கரையை நாக்கில் போடச் சொல்வார். சர்க்கரை மணலாகிவிடும், துளி இனிப்பு தெரியாது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். "இப்ப உங்க வாயில சர்க்கரை இருக்குதா இல்லையா?" என்று கேட்பார். இல்லை என்று சொல்கிறவன் அன்றைக்கு மாட்டினான். இலையில் இருக்கும் ஜிம்னிமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களில் போய் உட்கார்ந்துகொள்கின்றன, சர்க்கரை எங்கேயும் போகவில்லை என்று விளக்கிவிட்டு, கடைசியில் அந்த வாக்கியத்தைச் சொல்வார்: "நாக்கு விலை போன சாட்சிங்க. அதை நம்பாதீங்க, அளந்து பாருங்க."

அந்த இலையின் மீது அவருக்கு ஒரு பித்து இருந்தது, ஒளிக்க வேண்டியதில்லை. இலையை நிழலில் காய வைத்து, பொடித்து, எரிசாராயத்தில் ஊற வைத்துச் சாறு இறக்குவார். சோதனைக் குழாயில் அதைக் குலுக்கினால் சோப்பு போட்டதுபோல நுரை நிற்கும். சப்போனின் வகைச் சேர்மங்களுக்கு அது அடையாளம். நுரை இறங்காமல் நின்றால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். ஜிம்னிமிக் அமிலம் என்பது ஒன்றல்ல, ஒரு பெரிய கூட்டுக்குடும்பம் என்பார். குடலில் சர்க்கரை ரத்தத்துக்குள் ஏறுவதை அது மட்டுப்படுத்தக்கூடும், கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலின் சுரக்க வைக்கக்கூடும் என்று படித்தது எல்லாவற்றையும் எனக்குச் சொல்வார். சொல்லிவிட்டு அந்த ஆசையில் அவரே தண்ணீரும் ஊற்றுவார். ஐப்பசியில் பறித்த இலையும் சித்திரையில் பறித்த இலையும் எங்கள் சோதனையில் ஒன்றாக நின்றதே இல்லை. அளவு தெரியாதது மருந்தாகாது என்பது அவர் கட்சி. "இலையில மருந்து இருக்குதுன்னா இலையே மருந்துன்னு அர்த்தம் இல்ல மேடம்" என்று என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார்.

என் வீட்டுக்காரர் பட்டுத்தறி வைத்திருப்பவர். அவருக்குச் சர்க்கரை நோய் வந்ததும் தறிக்காரர்களில் யாரோ ஒருவர், உங்கள் வீட்டம்மாவிடமே இலை இருக்கிறது, மாத்திரை எதற்கு என்று ஓதிவிட்டார். மனுஷன் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு இலைப்பொடி கரைத்துக் குடிக்க ஆரம்பித்தார். நான் சொல்லிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன், கேட்கவில்லை. கடைசியில் சாமுவேல் சாரைக் கூட்டி வந்தேன். அவர் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே, "அண்ணே, இந்த இலையை என்னைவிட யாரும் நேசிக்கல. நானே சொல்றேன், மாத்திரையை நிறுத்தினீங்கன்னா இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றார். என் வீட்டுக்காரர் அன்றைக்கு மாத்திரையை எடுத்தவர்தான், இன்றுவரை விடவில்லை. ஒவ்வொரு மாதமும் மருந்துக் கடைக்குப் போகும்போது நான் சாமுவேல் சாரை மனதுக்குள் வாழ்த்துவேன்.

ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வை விடவில்லை என்றார். வீட்டின் பின்பக்க அறையில் குடுவைகளை அடுக்கியிருப்பதாகவும், சாறு குறைவாக இறங்குவதால் இலை நிறைய வேண்டும் என்றும் சொன்னார். நான் தம்பியிடம் சொல்லிப் பையைப் பெரிதாக்கினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வருவேன். பையை வாங்கியதும், படவேட்டில் மழை உண்டா, இலை முற்றலா இளசா என்று விசாரிப்பார். ஆள் இளைத்திருந்தார். வயசாகுது மேடம் என்பார். பின்பக்க அறையை ஒரு தரம் காட்டுங்களேன் என்று கேட்டதற்கு, எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கிறது, இன்னொரு நாள் என்றார். அந்த இன்னொரு நாள் வரவேயில்லை.

அடக்கம் முடிந்து சர்ச்சிலிருந்து கூட்டம் கலைந்த பிறகு அவருடைய மனைவி கிரேஸ் அக்காவோடு அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த அக்கா அதிர்ந்து பேசாதவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, கால் புண் எலும்புவரைக்கும் போய்விட்டதாம், ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டதாம், டாக்டர் எத்தனை வருஷமாக மாத்திரை சாப்பிடவில்லை என்று கேட்டுத் திட்டினார் என்று சொன்னார். என்ன மாத்திரை என்று கேட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முன்னாலேயே நிற்கிறது.

"என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? சுகர் மாத்திரைதான். அதை உட்டுட்டு இலைதானே சாப்புட்டுகினு இருந்தாரு. நான் சண்டை போட்டப்ப எல்லாம், தாவரவியல் மேடமும் நானும் சேர்ந்துதான் பண்றோம், அவங்க கூடவே பாத்துகினு இருக்காங்கன்னு சொன்னாரு. நீங்க வாராவாரம் வந்து குடுத்துட்டுப் போனீங்க. அதனாலதானே நான் வாயை மூடிக்கினேன்."

அவருக்குச் சர்க்கரை இருந்ததே எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமா, என் பெயரைக் கொண்டுபோய்த் தன் மனைவியின் வாயை அடைத்திருக்கிறார். என் கையாலேயே இலையைச் சுமந்து வர வைத்து, நான் காவல் இருக்கிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். இத்தனை வருட நட்பில் எனக்குக் கிடைத்த மரியாதை இதுதானா? இந்த மலரைப் படிக்கிற யாராவது, மேடம்தான் இலை கொடுத்து ஆளை முடித்துவிட்டார் என்று பேசினால் அவர்களுக்குப் பதில் சொல்ல அவர் எழுந்து வரப் போகிறாரா?

கிரேஸ் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் நம்பினார். சொன்னதை நம்பித்தானே பழக்கம் எங்கள் இருவருக்கும். பிறகு எழுந்துபோய்ப் பின்பக்க அறையைத் திறந்து காட்டினார். குடுவைகள் தூசி படிந்து கவிழ்ந்து கிடந்தன. ஒன்றில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. மிக்ஸி ஜாரில் மட்டும் பச்சை வண்டல். ஆரம்பத்தில் சார் விரலைக் குத்தி மெஷினில் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம். ஒருநாள் மெஷின் கெட்டுவிட்டது, தப்புத் தப்பாகக் காட்டுகிறது என்று பீரோ மேல் போட்டுவிட்டாராம். அக்கா ஒரு நாற்காலியில் ஏறி அதை எடுத்து என் கையில் கொடுத்தார், இனிமே இது எனக்கெதுக்கு என்றபடி.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு பூகம்பம். சாவு வீட்டில் நாலு பேர் பேசியது என் வீட்டுக்காரர் காதிலும் விழுந்திருக்கிறது. கால் அழுகியதை யாரும் பேசவில்லையாம். சாமுவேல் சார் மாத்திரையே இல்லாமல் வெறும் இலையிலேயே இத்தனை வருஷம் ஓட்டினார், என்ன கெத்து பார் என்றுதான் பேசினார்களாம். அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மாத்திரை டப்பாவைத் தொடவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். தள்ளி வைத்தார்.

"எனக்கு மட்டும் வேணாம்னு சொன்னாரு. அவரு சாப்புட்டுகினு இருந்திருக்காரே. அப்ப ஊருக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணா?"

கேள்வி நியாயமானது. என் வீட்டுக்காரரை இத்தனை நாள் காப்பாற்றியது டாக்டருமில்லை, நானுமில்லை; சாமுவேல் சாரின் ஒரு வாக்கு. அந்த வாக்கை அவரே கொன்றுவிட்டுப் போயிருந்தார். மறுநாளும் மாத்திரை டப்பா மூடியபடியே இருந்தது. இறந்தவர் மேல் கோபப்பட்டு என்ன பிரயோசனம், உயிரோடு இருக்கிறவரை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அதற்கும் அடுத்த நாள் காலை, பஸ் நிலையத்தில் வாங்கிய அந்தக் கடைசிப் பை சமையலறை மூலையில் கிடப்பதைப் பார்த்தேன். இலை வாடியிருந்தது. சாமுவேல் சாரின் மெஷினுக்கு பேட்டரியும் ரத்தச் சொட்டை வைக்கும் பட்டைகளும் வாங்கி வரச் செய்தேன். போட்டதும் வேலை செய்தது. என் ரத்தத்தையும் என் வீட்டுக்காரரின் ரத்தத்தையும் அதிலும் எங்கள் வீட்டு மெஷினிலும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றையே சொல்லின. மெஷின் கெடவேயில்லை. அது காட்டிய எண்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

பிறகு என் வீட்டுக்காரரை உட்கார வைத்து முதல் செய்முறை வகுப்பை நடத்தினேன். இலையை மெல்லச் சொன்னேன். சர்க்கரை போட்ட டீயைக் கொடுத்தேன். வெந்நீர் மாதிரி இருக்கிறது என்றார். டீயில் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து சாமுவேல் சாரின் மெஷினை எடுத்து அவர் விரலைக் குத்தினேன். எண் முதலில் பார்த்ததைவிட நன்றாக ஏறியிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு சொட்டை வைத்து இலைக்கு மருந்துக் குணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் சாமுவேல் சாரே கல்லறையிலிருந்து சண்டைக்கு வருவார். நாக்கு சொன்னது பொய் என்று மட்டும் தெரிந்தது. சாரின் கால் எப்படிப் போனது என்பதையும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன். என் வீட்டுக்காரர் எழுந்துபோய் டப்பாவைத் திறந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

அவர் நினைவாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று மலர்க்காரர்கள் கேட்கிறார்கள். அவர் பீரோ மேல் போட்டுவிட்டு அண்ணாந்தும் பார்க்காத மெஷினை வைத்திருக்கிறேன். அளந்து பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்ன அவர் வாக்கையும் வைத்திருக்கிறேன். இனி அதை என் வாயால் சொல்லிக்கொள்வேன். மன்னிப்பு மட்டும் இன்னும் வரவில்லை. வந்தால் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் நேரில் சொல்கிறேன். அவர் இல்லாத ஊரில் யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்பதுதான் எனக்கு இப்போது பெரிய துக்கம்.

போன வாரம் தம்பிக்குப் போன் செய்து இனி இலை அனுப்ப வேண்டாம் என்றேன். ஏங்க்கா, ஆராய்ச்சி முடிஞ்சிடுச்சா என்று கேட்டான்.

"ஆராய்ச்சி எப்பவோ முடிஞ்சிடுச்சுடா. சாப்புடத்தான் இப்ப ஆள் இல்ல."